நோயற்றது என்று எழுதுவதற்கு முன்

பரிசோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச வரவேண்டும் என்று இப்போதைய அலுவலர் போனில் அழைத்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேடையில் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியிருக்கும். பிறகு சால்வை போர்த்துவார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கசப்பாக ஒன்றும் சொல்லமுடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் செய்யப்போகிற வேலையை வெளியே யாருக்கும் விளக்கமுடியாது. கரமனையில் என் பக்கத்து வீட்டு மாமி, நான் எலுமிச்சம்பழத்தை ருசி பார்த்து அரசாங்க முத்திரை குத்துகிறேன் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். நம் வேலை பழத்தோடு இல்லை, தாய்மரத்தோடு. ஒரு நல்ல மரத்தின் குச்சியிலிருந்து மொட்டுகளை எடுத்து நாற்றுகளில் ஒட்டுக்கட்டுகிறோம். அந்த மரத்தில் நோய் இருந்தால் ஒவ்வொரு கன்றுக்குள்ளும் அதை நம் கையாலேயே வைத்துக் கட்டுகிறோம். வைத்தியர் தப்பு செய்தால் ஒரு நோயாளி போவார். நாம் தப்பு செய்தால் ஒரு மலையடிவாரமே மஞ்சளாகும். இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

நம் மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். ஸ்ரீவராகத்துக்காரர். அரசாங்கப் பண்ணையில் இன்று நீங்கள் பார்க்கும் தாய்மரத் தோட்டம் அவர் உண்டாக்கியது. இளவயதில் ஊர் ஊராகப் போய் நல்ல எலுமிச்சை மரங்களைத் தேடி, குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவர். அந்தத் தோட்டத்தில் மூலையில் நின்ற மரம்தான் அவருக்கு உயிர். விதையில்லாத காய், வருஷம் முழுக்கக் காய்ப்பு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பி அழைத்துவந்து, முதலில் அந்த மரத்தடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

மரங்களைப் பூச்சியிலிருந்து காக்க மேலே வலை போட்டிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் காற்றடித்து வலை கிழிந்தது. அதைத் தைக்க அனுமதி வந்து சேர்வதற்குள் அடுத்த மழையும் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒருநாள் மூலை மரத்தின் மேற்குப் பக்கக் கிளையில் சில இலைகளைப் பார்த்தேன். சத்துக்குறையால் மஞ்சள் விழுந்தால் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி விழும். இது அப்படியில்லை. ஒரு பாதியில் ஒரு திட்டு, மறு பாதியில் வேறு திட்டு. கிரீனிங் என்று நாம் சொல்லும் நோயின் முகம் அது. பழம் பழுத்தும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். மருந்து கிடையாது. வெட்டுவதுதான் வழி.

இலைகளைக் கொண்டுவந்து பரிசோதித்தேன். நோய் இருந்தது. நம்பாமல் மறுபடியும் செய்தேன். மறுபடியும் இருந்தது. சார் அறைக்குப் போனேன்.

"சார், மூலை மரம் பாசிட்டிவ்."

"எந்த மூலை மரம்?"

"நம்ம மரம்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சாம்பிள் மாறிப் போயிருக்கும். பாத்தியோ?"

"ரெண்டு தடவை பண்ணினேன் சார்."

"மூணாந்தடவை நான் வரேன். இலையை நானே பறிக்கறேன்."

மறுநாள் காலை பண்ணைக்குப் போனோம். அவர் மரத்தைச் சுற்றி வந்தார். மேற்குக் கிளையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்த இலைகளை அவர் பார்த்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கம் வந்து, கருகருவென்று செழிப்பாக இருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பையில் போட்டார்.

"சார், மஞ்சள் விழுந்த பக்கத்துலேருந்து எடுக்கலாமே."

"பாத்துப் பாத்து எடுக்கப்படாது, பொதுவா எடுக்கணும்னு ட்ரெய்னிங்ல நீதானே பசங்களுக்குச் சொல்றே?"

 இந்தக் கிருமி மரம் முழுக்க ஒரேமாதிரி பரவி நிற்பதில்லை. ஒரு கிளையில் இருக்கும், அடுத்த கிளையில் இருக்காது. அதனால் பரிசோதனையில் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று மட்டும்தான் எழுதவேண்டும். இல்லை என்று எழுதக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் முதல் அறிக்கையில் 'இல்லை' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியவர் இதே சார்தான்.

அந்த இலைகளில் நோய் கிடைக்கவில்லை.

அப்போதே அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் நிழல்வலைக்குக் கீழே வரிசையாகத் தயாராக இருந்தன. நெடுமங்காட்டுக்குக் கிழக்கே மலையடிவார விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம். விழாவுக்கு நாள் குறித்து, மந்திரி வருவதாகச் சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. கன்றுகள் நோயற்றவை என்ற சான்றிதழ். அதில் கையெழுத்துப் போடவேண்டியவள் நான்.

"எழுதிண்டு வா," என்றார் சார்.

"நோயற்றதுன்னு எழுத முடியாது சார். கன்னு எல்லாத்தையும் அழிக்கணும். மரத்தை வெட்டணும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அந்த மரத்தை எங்கேருந்து கொண்டுவந்தேன்னு உனக்குத் தெரியாது," என்றார். பிறகு, "சரி, நீ போடவேண்டாம். உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. நான் போட்டுக்கறேன். போறும், போ," என்றார்.

போட்டுவிட்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பயமுறுத்துகிற அதிகாரியை எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. ரத்தம் சூடாகும், வார்த்தை தானாக வரும். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தப்பைத் தன் தலைமேல் எடுத்துக்கொள்கிறவரை என்ன செய்வது? அவர் லஞ்சம் வாங்கியவர் இல்லை. மந்திரிக்குப் பயந்தவரும் இல்லை. தான் வளர்த்த மரத்தில் அது இருக்காது என்று நம்பினார், அவ்வளவுதான். நம் வேலையில் லஞ்சத்தைவிட இது ஆபத்து. லஞ்சம் வாங்குகிறவனுக்காவது, தான் செய்வது தப்பு என்று தெரியும்.

மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த மலையடிவாரத்துக்கே போனேன். விவசாயிகள் சங்கம் வாசகசாலையில் கூடியிருந்தது. பாதிப் பேர் மலையாளிகள், பாதிப் பேர் எல்லைப்புறத்துத் தமிழர்கள். நடந்ததைச் சொன்னேன். இந்தக் கன்றுகளை வாங்காதீர்கள் என்றேன்.

சங்கத் தலைவர் சுகுமாரன் எழுந்தார். "ஃப்ரீயாயிட்டு கிட்டுன்னது முடக்கான் வந்நதாணோ மேடம்?" என்று கேட்டார். இலவசமாகக் கிடைப்பதையும் கெடுக்க வந்தாயா என்று. எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அலுவலகச் சண்டையை எங்கள் தலையில் கட்டாதே என்று பின்னாலிருந்து யாரோ தமிழில் சொன்னார்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ரோசம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இறந்தபிறகு தனியாகத் தோட்டம் பார்க்கிறவள். அவள் தோட்டத்தில் நாரத்தையும் எலுமிச்சையும் முற்றிய மரங்களாக நின்றன. நம் கரமனையிலும் ஸ்ரீவராகத்திலும் ஊறுகாய்க்கு வருகிற நாரத்தங்காயில் பாதி அவள் மரத்துக் காய் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் கலைந்ததும் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"நான் அந்தத் தைய வாங்கல்ல மேடம். போதுமா?" தை என்றால் அங்கே கன்று. "எனக்க மரத்துக்கு ஒண்ணும் வராதில்லா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பக்கத்துத் தோட்டத்துல நட்டா வரும் ரோசம்மா. ஒரு சின்னப் பூச்சிதான் இதைக் கொண்டுபோறது. அதுக்கு வேலி கிடையாது."

"பக்கத்துத் தோட்டம் சுகுமாரனுக்க தோட்டமில்லா," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நான் சொல்லிப் பாக்குதேன்."

சொல்லிப் பார்த்தாள். வீடு வீடாகப் போனாள். சுகுமாரன் வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் போனாள். மற்றவர்கள் தோட்டத்தில் காய்ப்பு வந்தால் தன் காய்க்கு விலை போய்விடும் என்று பொறாமைப்படுகிறாள் என்றார்கள். வேதக்கோவில் வாசலில்கூட அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஏனென்றால் சங்கத்திலிருந்து என்மேல் புகார் போயிற்று. என்னை மண் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். விழா நடந்தது. மந்திரி முதல் கன்றைச் சுகுமாரன் கையில் கொடுக்கிற படம் பத்திரிகையில் வந்தது. சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார், சிரித்த முகமாக. அடுத்த வருஷம் நல்லபடியாக ஓய்வு பெற்றார்.

அந்த விவசாயிகள் என்மேல் புகார் கொடுத்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அரசாங்க முத்திரையை நம்பு, அதில்லாத கன்றைத் தொடாதே என்று ஊர் ஊராகப் போய் அவர்களைப் பழக்கியது யார்? நாம்தான். ஒருபக்கம் முத்திரை, மறுபக்கம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பொம்பிளையின் பேச்சு. அவர்கள் எதை நம்புவார்கள்? உங்களில் யாராவது, 'கையெழுத்தைப் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் காதில் உண்மையைச் சொல்லிவிட்டால் போயிற்று' என்று நினைத்தால், அது நடக்காது. காகிதத்தில் போனதை வாயால் திரும்பக் கூப்பிடமுடியாது.

சில வருஷங்கள் போயின. ஒருநாள் மண் பரிசோதனைப் பிரிவுக்கு அந்த மலையடிவாரத்து மண் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கூடவே ஒரு போன். புதிய மேலதிகாரி, தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து மிக மரியாதையாகப் பேசினார். மரங்கள் மஞ்சளாகின்றன, துத்தநாகக் குறை என்று களத்தில் முடிவு செய்திருக்கிறார்கள், மண்ணில் அது குறைவு என்று அறிக்கை வந்தால் சௌகரியமாக இருக்கும் என்றார்.

"மண்ணைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்," என்றேன்.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. அப்படியே எழுதினேன். இந்தத் தடவை எழுதியதை மேலே யாராலும் மூடிவைக்கமுடியவில்லை, ஏனென்றால் அதற்குள் காய்கள் கோணலாகத் தொங்கின; அடிப்பக்கம் பச்சை. வேறு ஆள் இல்லாததால் என்னையே திரும்பப் பழைய பரிசோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் களத்துக்கு அனுப்பினார்கள்.

சுகுமாரன் தோட்டத்துக்குத்தான் முதலில் போனேன். கேலி பேசிய மனிதரைப் பார்க்கப்போகிறோம் என்று எனக்குள் ஒரு சின்னக் குரூர சந்தோஷம் இருந்தது என்றால் நம்புவீர்களா? தோட்டத்துக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. இடுப்பு உயரத்துக்கு வந்த மரங்கள் இலை கொட்டிக் குச்சியாக நின்றன. அவர் ஒரு காயை நறுக்கிக் காட்டினார். உள்ளே சாறே இல்லை.

"சர்க்கார் சீல் வச்சுத் தந்ததல்லே மேடம்?" என்றார். "அது வேண்டாம்னு சொல்ல எனக்கு எந்தறியாம், என்ன தெரியும்?"

 இலைகளைப் பறித்துக்கொண்டேன், மஞ்சள் விழுந்த பக்கத்திலிருந்து.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். ரோசம்மாள் என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். வேப்பெண்ணெய் அடித்திருந்தாள், புல்லைச் செதுக்கியிருந்தாள், வேலி ஓரம் ஓலைத் தட்டி கட்டி மறைத்திருந்தாள். பூச்சியைத் தடுக்க அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செய்திருந்தாள். தட்டிக்கு உள்ளே முதல் வரிசை நாரத்தை. அண்ணாந்து பார்த்தேன். ஒரு பாதியில் ஒரு திட்டு, மறு பாதியில் வேறு திட்டு.

"சத்துக்குறையா இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

பரிசோதனையில் அவள் மரங்களிலும் வந்துவிட்டது. அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா எலுமிச்சை, நாரத்தை மரங்களையும் வெட்டுவது என்று உத்தரவாயிற்று. அது சரியான உத்தரவு. அதை எழுதித் தரும்படி கேட்டவளும் நான்தான். பண்ணையில் மூலை மரத்தை முதலில் வெட்டினோம்.

அன்று மாலை ஸ்ரீவராகத்துக்குப் போனேன். சாருக்குக் கண்பார்வை குறைந்திருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, "வா வா, உக்காரு. காப்பி குடிக்கறியோ?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். மலையடிவாரம் முழுக்க என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 

"மூலை மரத்தை வெட்டிட்டேளா?"

"வெட்டியாச்சு சார்."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வயசான மனிதர் தோள் குலுங்க அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அடுத்ததாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். யார் யார் தோட்டம், எத்தனை குடும்பம், இனி அவர்கள் என்ன செய்வார்கள், ஏதாவது ஒன்று. அவர் கேட்கவில்லை. காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கொஞ்ச மாதத்தில் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்க நான் போகவில்லை. போயிருக்கலாம் என்றும் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. மரங்களை வெட்டினால் புதிய கன்றுகள் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. வேறு மாவட்டத்திலிருந்து, உண்மையிலேயே சுத்தமான கன்றுகள். அவற்றைப் பரிசோதித்தவள் நான். ஆனால் பழைய திட்டத்தில் கன்று பெற்றவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று விதி. ரோசம்மாள் பெறவில்லை. அதனால் அவளுக்குக் கிடையாது. ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பேசினேன். அவள் கன்றை வாங்க மறுத்ததே நாம் கொடுத்தது கெட்ட கன்று என்பதால்தானே, அவளுக்குத்தானே முதலில் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். "மேடம் சொல்றது நியாயம்தான்," என்றார்கள். அப்புறம் விதியைக் காட்டினார்கள்.

இதையும் அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வேறு யாரும் போகமாட்டார்கள்.

அவள் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப, அண்ணைக்கு நானும் அந்தச் சீக்குத் தைய வாங்கி நட்டிருந்தா, இண்ணைக்கு எனக்கும் நல்ல தை கிட்டியிருக்கும். அப்படியில்லா?"

"ஆமா ரோசம்மா."

"நல்ல நியாயம்," என்றாள்.

உங்கள் பயிற்சியில் சான்றிதழ் யாருக்கு என்று கேட்டால் கன்று வாங்குகிறவருக்கு என்று எழுதுவீர்கள். மதிப்பெண்ணும் கிடைக்கும். அதை வாங்காமல் வேலிக்கு அப்பால் நிற்கிறவளுக்கும் சேர்த்துத்தான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. பேனாவை எடுக்கும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கருவியும் கணக்கும். அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும்.

மரம் வெட்டுகிற அன்று நானும் போனேன். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலையிலேயே ஆட்கள் இயந்திர ரம்பத்தோடு வந்துவிட்டார்கள். ரோசம்மாள் தோட்டத்துப் படலைத் தானே திறந்துவிட்டாள். எந்த மரத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று கை காட்டினாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.  

முதல் மரம் விழுந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், தப்பா நினைக்காதுங்கோ. நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க."

"ஏன் ரோசம்மா?"

"உங்களப் பாக்கும்ப எனக்கு கோவம் வருது, தேச்சியம் வருது. நீங்க ஒரு தப்பும் செய்யல்லண்ணு எனக்குத் தெரியும். எனக்காக வந்து சொன்னது நீங்க ஒராளுதான். எண்ணாலும் வருது. சர்க்கார்ல இருந்து வேற யாரு வந்திருக்கா, நான் யாருகிட்ட தேச்சியப்படுவேன்?"

படலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். ஜீப் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, "வெயிலாணு மேடம், கேறி இரிக்கு," என்றார். ஏறி உட்காரவில்லை. அவள் அனுப்பிய இடத்திலேயே நின்றேன். உள்ளே ஒவ்வொரு மரமாக விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அறுபட்ட நாரத்தை இலையின் மணம் ரோடுவரை வந்தது. ரம்பம் நின்றபிறகு அவள் வெளியே வந்து, என் பக்கம் பார்க்காமல், படலை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.